நான்கு மாதம் பழைய நகல்

ஏசியைக் குறைக்க வேண்டாம், சார். குளிர் எனக்குப் பழகிவிட்டது. ஆறு வருடமாக ஆஸ்பத்திரியின் சர்வர் அறையில்தான் எனக்கு மதியச் சாப்பாடு.

எங்கே விட்டேன்? ஒரே சர்வரில் மூன்று டேட்டாபேஸ். பழைய பதிப்பில் ஓடியது, எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்ற பட்டியல். புதிய பதிப்பில் அட்மிஷன். மூன்றாவது, அந்தப் பட்டியலைப் புதிய பதிப்புக்கு மாற்ற முடியுமா என்று பார்க்க நான் எடுத்த சோதனை நகல். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் எண். மூன்றையும் ஒரு காகிதத்தில் பென்சிலால் எழுதி சர்வர் பெட்டியில் ஒட்டியிருந்தேன். ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் என்றால் தண்ணீருக்குச் சண்டை வரும். இவற்றுக்கு மெமரி.

பழையது திணறும்போதெல்லாம் பார்மசி அக்கா போன் செய்வார். "என்னப்பா, உன் கிழவி இன்னும் எந்திரிக்கலையா? சுடுதண்ணி வெச்சுக் குடுக்கட்டுமா?" நானும் சிரிப்பேன். மேனேஜர் சிரிக்க மாட்டார். "அட்மிஷன்ல க்யூ வாசல் வரைக்கும் நிக்குது. திங்கக்கிழமைக்குள்ள அந்தப் பழசைத் தூக்கிடு. எப்படின்னு என்கிட்ட கேக்காத."

முறையாக மாற்ற இரண்டு வாரம் ஆகும். எனக்கு இருந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பழையதை நிறுத்திவிட்டு அதன் எண்ணை நகலுக்குக் கொடுத்தேன். அந்தக் கதவைத் தட்டும் பார்மசிக்கு இனி நகல்தான் பதில் சொல்லும். காகிதத்திலும் அழித்துத் திருத்தினேன். அந்த விஷயத்தில் நான் ஒழுங்கானவன். நகல் எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு சேர்ந்த பெயர்கள் அதில் இல்லை. நிறுத்துவதற்கு முன் எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினொன்று. அத்தனை ஆயிரத்தில் அது ஒன்றுமே இல்லை.

திங்கட்கிழமை அக்காவே கூப்பிட்டார். "பறக்குதுடா தம்பி. கிழவிக்கு என்ன குடுத்த?"

பதினோராம் நாள், காலில் புண்ணோடு வந்த ஒரு தையல்காரப் பெண்ணுக்கு ஊசி போட்டார்கள். திரையில் எச்சரிக்கை வரவில்லை. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கணவர் வராந்தாவில் நின்றார்.

அக்கா என் அறைக்கு வந்தார். "அந்த ஊசி ஆகாதுன்னு போன மாசம் நானே என் கையால ஏத்துனேன்டா. என் பிள்ளைங்க மேல சத்தியம். கொஞ்சம் தேடிப் பாரு."

தேடினேன். அவர் போன பிறகு பழையதை ஓடவிட்டேன். அந்தப் பெயர் இருந்தது. படித்தேன், மறுபடி நிறுத்தினேன். மூன்றும் சேர்ந்து ஓட மெமரி போதாது, அட்மிஷன் மறுபடி திணறும். பிறகு நகலிலிருந்து அறிக்கை அச்சடித்துக் கொடுத்தேன்: பதிவு இல்லை. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதை வைத்துத்தான், ஏற்ற மறந்தவர் என்று அக்காவை நீங்கள் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனீர்கள்.

காகிதத்தில் நான் அழித்த தடத்தை உங்கள் ஆள் பார்த்துவிட்டார். நல்ல கண். பழையதை ஓடவிடப் போகிறார் என்றீர்களே. இப்போது மணி பத்தரை, அட்மிஷனில் கூட்டம் நெரியும். பார்மசி இன்னும் நகலைத்தான் படிக்கிறது, வேகத்துக்குக் குறையில்லை. மீதி இருநூற்றுப் பத்துப் பேரில் இன்றைக்கே யாரும் வந்துவிடப் போவதில்லை. மாலைவரை உங்கள் ஆளைப் பொறுக்கச் சொல்கிறீர்களா, சார்?