இலவசப் பாட்டின் ஆபத்துகள்

எனக்கும் பாட்டு பிடிக்கும், மேடம். காலையில் அதியன்னூரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினால், கல்லூரி வாசல் வரைக்கும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டேதான் போவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டே ஆகாத மனிதன் என்று பிறகு வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிவிடக்கூடாது.

சுந்தரதாஸ் என்பது என் பெயர். கேரள எல்லையில், தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி ஆசிரியர். கல்லூரியின் இணையமும் ஹாஸ்டல் வைஃபையும் என் பொறுப்பில்தான் இருந்தன. அதற்கென்று தனியாக எதுவும் தருவதில்லை. மதிப்பு கிடைக்கும் என்றார்கள்.

போன வருடம் இணையக் கம்பெனி பிரின்சிபாலுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. எங்கள் இணைப்பின் வழியாகத் திருட்டுத் தளங்களிலிருந்து பாட்டுகள் இறங்குகின்றன, தொடர்ந்தால் சட்ட நடவடிக்கை என்று. இணைப்பு கல்லூரியின் பெயரில் இருக்கிறது. எந்தப் பையன் இறக்கினாலும் பிரின்சிபால்தான் பதில் சொல்லவேண்டும். அவர் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டு, ஒரு விழிப்புணர்வு வகுப்பு எடுக்கச் சொன்னார். நம் ஊரில் எல்லா நோய்க்கும் அதுதானே மருந்து.

எடுத்தேன். வருகிறவர்களுக்கு வருகைப்பதிவும், நேந்திரம்பழத்தில் சுட்ட பழம்பொரியும் உண்டு என்று அறிவித்திருந்ததால் அரங்கம் நிறைந்துவிட்டது. பதிப்புரிமைச் சட்டம் என்ன சொல்கிறது, பாட்டை உருவாக்கியவனுக்கு என்ன நஷ்டம், இலவசப் பாட்டோடு எப்படி வைரஸ் உள்ளே வரும், எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். ஒரு பாட்டு ஒருவனுடைய உழைப்பு, கேட்காமல் எடுத்தால் அது திருட்டு என்றுகூடச் சொன்னேன். முன்வரிசை தூங்கிக்கொண்டிருந்தது. பின்வரிசை பழம்பொரியின் எண்ணெயை நோட்டீஸில் துடைத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் சந்தேகம் உண்டா என்று கேட்டேன். கடைசி வருடத்து ஜித்தின் எழுந்தான். பாறசாலைப் பையன், சர்ச் கொயரில் கீபோர்டு வாசிப்பவன். மரியாதையாகத்தான் கேட்டான்.

“சாறே, நம்ம காலேஜில பாட்டு இறக்குனதுக்கு இதுவரைக்கும் ஆருக்காவது வல்லதும் வந்திட்டுண்டா?”

யாருக்கும் எதுவும் வந்ததில்லை. அதுதான் உண்மை. நானும் அதையே சொன்னேன். அரங்கம் முழுக்கச் சிரித்தது. ஓரத்தில் நின்ற பிரின்சிபாலும் சிரித்தார். சிரிப்புக்கும் நான் பிறகு செய்ததற்கும் சம்பந்தம் இல்லை. பிரின்சிபால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், எங்கள் துறையைச் சேர்ந்த பிந்து டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார் என்பதெல்லாம் தற்செயலாக நினைவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. ஆபத்து, ஆபத்து என்று சொல்கிறோம், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றுகூட நடந்ததில்லை. உதாரணம் இல்லாத பாடம் யாருக்குப் புரியும்? நல்ல ஆசிரியன் உதாரணத்தைத் தேடிக்கொண்டிருக்க மாட்டான், தானே உண்டாக்குவான்.

அப்படித்தான் அந்தக் கோப்புப் பொட்டலத்தை உண்டாக்கினேன். புதுப்படப் பாட்டுகள் என்று பெயர் போட்டு ஹாஸ்டல் நெட்வொர்க்கில் வைத்தேன். திறந்தால் பாட்டு பாடும். பாடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருக்கும் நிரல் அந்தக் கணினியின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பூட்டிவிடும். திறக்கும் சாவி என்னிடம் மட்டும். ஒரு நாள் தவிக்க விட்டு, மறுநாள் மதியம் எல்லோரையும் அரங்கத்துக்குக் கூப்பிட்டு, நானே திறந்து கொடுப்பதாகத் திட்டம். இம்முறை பழம்பொரி இல்லாமலே கூட்டம் வரும் என்று நினைத்தேன்.

முதலில் எடுத்தது ஜித்தின். எடுத்ததை நண்பர்களுக்கும் அனுப்பினான், நல்ல மனசு. மறுநாள் காலையில் ஹாஸ்டலில் ஒரே அழுகை. சினிமாவும் கல்யாணப் போட்டோவும் பாதி எழுதிய ப்ராஜெக்டும் போய்விட்டன என்று. உண்மையைச் சொன்னால், அந்த அழுகை எனக்கு ஒரு கைத்தட்டல் மாதிரி இருந்தது.

திட்டம் கெட்டது பிரின்சிபாலால். இது பெரிய குற்றம், செய்தவன் யாராக இருந்தாலும் ஜெயிலுக்கு அனுப்பாமல் விடமாட்டேன் என்று அவர் ஆசிரியர் கூட்டத்தில் மேசையைத் தட்டினார். அதற்குப் பிறகு நான் சாவியோடு போய் நின்றால், அது எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பார். அவர் பெரிய அறிவாளி இல்லைதான். ஆனாலும் அதைக் கேட்டிருப்பார்.

அன்று சாயங்காலம் ஜித்தின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். சிரிக்கவில்லை. அவனுடைய அம்மா விமலகுமாரி கொயரில் பாடிக்கொண்டிருந்தவர். தொண்டையில் புற்றுநோய் வந்து திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் ஆகி, இப்போது அவருக்குக் குரல் கிடையாது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் முழுவதும் அம்மாவை வீட்டில் உட்கார வைத்துப் பாடச் சொல்லியும் பேசச் சொல்லியும் பதிவு செய்து வைத்திருக்கிறான். லேப்டாப்பிலும் பென்டிரைவிலும். பொட்டலத்தைத் திறந்த நேரத்தில் பென்டிரைவும் சொருகியிருந்தது.

“சாறே, மத்ததெல்லாம் போட்டும். இது எனக்க அம்மையாக்கும்,” என்றான்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் முயற்சி செய்வது போலச் செய்தேன். ஆராய்ந்து பார்க்கிறேன் என்று சொல்லி, பூட்டிய கோப்புகளை என் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டேன். சாவி என் சட்டைப்பையில் இருந்த இன்னொரு பென்டிரைவில் இருந்தது. அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். இப்போதாவது புரிகிறதா என்று கேட்டேன். புரியுது சாறே என்றான். என் பதினாலு வருட வேலையில் ஒரு மாணவன் மனசார அப்படிச் சொன்னது அன்றுதான்.

பிறகு விசாரணைக் குழு அமைத்தார்கள். அதில் என்னையும் போட்டார்கள், வேறு யாருக்குக் கணினி தெரியும்? பொட்டலத்தை மற்றவர்களுக்கு அனுப்பியது ஜித்தினுடைய கணக்கு. அது உண்மை, நான் பொய் எதுவும் எழுதவில்லை. வைத்தது யார் என்ற கேள்வியை யாரும் கேட்காததால் நானும் பதில் எழுதவில்லை. அவனை நீக்கினார்கள். பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. உதாரணம் என்றால் முழுதாக இருக்கவேண்டும் என்று, சைபர் போலீசுக்குப் புகார் கொடுக்கச் சொன்னதும் நான்தான். அதனால்தான் நீங்கள் வந்தீர்கள். என் பேச்சைக் கல்லூரி ஒரே ஒரு முறை கேட்டது, அது அந்தப் புகார்.

நீக்கிய மறுவாரம் அவன் அப்பா யோசுவா மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகனைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்பார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

“அவன் செஞ்சது தப்பாக்கும், சாறே. தண்டனெ அவன் அனுபவிக்கட்டு. இவளுக்க சத்தம் மட்டும் எடுத்துத் தந்தா மதி. வீட்டுக்குள்ள சத்தமே இல்ல.”

அந்த அம்மா கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகனுக்காக நான் கஷ்டப்படுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பலாச்சுளை சீவி வறுத்த சக்கை வற்றல் கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் வைத்துவிட்டுக் கைகூப்பினார். உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று தெரியவில்லை. நானும் கைகூப்பினேன். வற்றல் நன்றாக இருந்தது.

நீங்கள் ஆய்வகக் கணினிகளை எடுத்துப்போக வருவதாகக் கேள்விப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி ஷியாமளா அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். சாவியை இனி வைத்திருக்க முடியாது. அழிப்பதற்கு முன்னால், இவ்வளவு பேச்சுக்கும் காரணமான அந்தப் பாட்டு எப்படித்தான் இருக்கும் என்று ஓர் ஆவல். என்னிடம் இருந்த நகலில் ஒரு கோப்பைத் திறந்தேன்.

கொயரில் பாடுகிற பாட்டுதான். நடுவில் கோழி ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டது போல, அதை விரட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடினார். நல்ல குரல், மேடம். சுருதி விலகவே இல்லை. முடித்த பிறகு, “போதுமா மக்கா? இன்னொண்ணு பாடட்டா?” என்று மகனிடம் கேட்டார். அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. சாவியையும், நகல்களையும், திறந்த அந்தப் பாட்டையும் யாராலும் மீட்க முடியாதபடி அழித்தேன். அதில் நான் கெட்டிக்காரன், உங்கள் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். ஜித்தினிடம் இருப்பது இனி எப்போதும் பூட்டியே இருக்கும்.

திறந்த அந்த ஒரு பாட்டையாவது ஏன் விட்டுவைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நீங்கள் சட்டம் படித்தவர், நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அது இன்னொருவருடைய பாட்டு. அனுமதி இல்லாமல் ஒரு பிரதி கையில் வைத்திருந்தால், அது திருட்டு இல்லையா?