ஞாயிறு வந்தும் தீராத அரிசி

பிரியா: இருங்க மாமா, படிக்கிறேன்... "ஜூன் 12, 2005, ஞாயிறு. இந்த வாரமும் தவறு என்னுடையதே. இரண்டு பேருக்கு வாரத்துக்கு ஐந்து கிலோ அரிசி என்று கணக்கிட்டேன். இரண்டு கிலோ மீந்துவிட்டது. எனக்கு அளவு தெரியவில்லை போலும்."

செல்வன்: ஏய், நோட்டக் குடு! பொண்டாட்டின்னா டைரிய படிச்சிடுவியா?

பிரியா: டைரியா இது? திங்கக்கெழம கத்திரிக்கா, செவ்வாக்கெழம மொளக்கீர... மளிக லிஸ்ட்டுக்குத் தேதி போட்டுருக்கீங்க.

செல்வன்: சிரி, நல்லா சிரி. மிஞ்சுனாலும் கணக்கு தப்புதான?

பிரியா: மிஞ்சுனா நல்லதுதான? வாரத்துக்கு ஒருக்கா வாங்குனா காசு மிச்சமாவும்னு அத்தகிட்ட மல்லுக்கட்டித்தான தனியா வந்தோம்.

செல்வன்: மல்லுக்கட்டல... தெனம் ரெண்டு ரூவா பொட்டலமா வாங்காதம்மான்னேன். "என் அடுப்புக்கு நோட்டுப் போடாதடா"ன்னுடுச்சி.

பிரியா: நீங்க சும்மா இருந்தீங்களா? "ஒரு மாசம் நோட்டுப்படி பொழச்சிக் காட்டறேன், தோத்தா திரும்பி வரேன்"ன்னு சவால் வுட்டீங்க.

செல்வன்: இன்னியோட மாசம் முடியுது. கொளஞ்சியம்மா புள்ளையா கொக்கா! ஜெயிச்சிட்டன்ல?

பிரியா: ம்... ஜெயிச்சிட்டீங்க.

செல்வன்: ஏன் இழுக்கற?

பிரியா: ஒண்ணுமில்ல... ஞாயித்துக்கெழம இந்நேரம் அங்க கருவாட்டுக் கொழம்பு கொதிக்கும்.

செல்வன்: ஆமா... தெரு முக்குலயே வாசன வந்துடும். கடைசியில சட்டிய வழிக்க நானும் நீயும் அடிச்சிக்குவோம்.

பிரியா: அத்த நடுவுல பூந்து, சட்டியிலயே சோத்தப் போட்டுப் பெசஞ்சி மூணு உருண்ட உருட்டுவாங்க. பெருசு மவனுக்கு.

செல்வன்: பொய் சொல்லாத, பெருசு உனக்குத்தான். மாங்கா போட்டு வெச்சா இன்னும்... இப்பல்லாம் மாங்கா போடறதில்ல, முருங்கக்காதான்—

பிரியா: இப்பல்லாமா?

செல்வன்: அது... சும்மா வாயில வந்துச்சி.

பிரியா: மாமா... வேல முடிஞ்சி ராத்திரி கம்ப்யூட்டர் கிளாஸு போயிட்டு வந்தா தெனம் அர வவுறுதான் சாப்புடறீங்க. "டீ குடிச்சேன், பசியில்ல"ன்றீங்க.

செல்வன்: பேச்ச மாத்தாத, நோட்டக் குடு.

பிரியா: சொல்லுங்க.

செல்வன்: கிளாஸுக்குப் போற வழியிலதான அம்மா வூடு? மொத நாளே வாசல்ல நின்னு கூப்புட்டுச்சி. "பிரியாகிட்ட சொல்லாதடா"ன்னு தட்டு வெச்சிச்சி. அப்புறம்... தெனமும். போதுமா? நோட்டு தோத்துப்போச்சி.

பிரியா: அழுவாதீங்க, கொக்கு.

செல்வன்: கிண்டல் பண்ணாத. ஆனா ஒண்ணு இடிக்குது பிரியா. நான் ஒருத்தன் ராத்திரியில கொறச்சித் துன்னதுக்கு ரெண்டு கிலோ மிஞ்சாதே. இன்னும் எங்கயோ தப்பு வுட்டுருக்கேன்...

பிரியா: உங்க கணக்குல தப்பே இல்ல மாமா. மத்தியானம் பீங்கான் கம்பெனியில மணியடிச்சதும் நான் எங்க ஓடறேன்னு நெனச்சீங்க? "செல்வங்கிட்ட சொல்லாதம்மா"ன்னுதான் எனக்கும் ஒரு மாசமா சோறு போடறாங்க. பேனாவ எடுங்க, எழுதுங்க: நாளை திங்கள். காலையில் அறைச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இருவரும் ஒன்றாக அம்மா வீட்டுக்குப் போக வேண்டும்.