துருப்பிடிக்காத கம்பி

நாகர்கோவில் பஸ்ஸில் என் முன்சீட்டில் கஞ்சித் தூக்கோடு இருந்தவர், பக்கத்தில் இருந்த சிநேகிதரிடம் மெல்லச் சொன்னார்.

“எங்க வீட்டுல இடிஞ்ச சன்ஷேடைப் பாத்தேன் மக்கா. உள்ள கம்பில ஒரு பொட்டு துரு இல்ல.”

“பின்ன எப்பிடிலே இடிஞ்சு உன் பொண்டாட்டி காலுல விழுந்துது?”

“கடக்காத்துக்குத் துருப்பிடிக்கும்னு, கான்கிரீட் போடுததுக்கு முந்தி நான்தான் கம்பிக்கு பெயிண்ட் அடிச்சேன். கல்ஃபுல கப்பலுக்கு அடிச்ச கையில்லா?”

“ஏலே, வழுவழுன்னு இருந்தா சிமெண்டு எப்பிடி பிடிக்கும்?”

“பிடிக்கல்ல. கம்பி உருவிட்டு வந்துட்டு.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“இனி கம்பு ஊணித்தான் நடக்கணுமாம்.”

“அவ உன்ன ஏசினாளா?”

அவர் தூக்கின் மூடியை அழுத்திக்கொண்டே இருந்தார்.

“ஏசல்ல. கம்பி துருப்பிடிச்சுப் போச்சோன்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்.”