லுவாவின் பெயரில் உறங்கும் மியென்

என் பெயர் குவே. பத்தாம் வகுப்பில் படிக்கிறேன். போரில் மாண்டவர்களின் நினைவு நாளுக்கு முந்தின மாலை எங்கள் ஊர் மண்டபத்தில் நான் பேசியதை, நடுவில் மற்றவர்கள் பேசியதோடு சேர்த்து, உள்ளது உள்ளபடி இங்கே எழுதுகிறேன். நான் தவறாகப் பேசிய இடத்தையும் திருத்தவில்லை. பேச்சு இது:

அவைக்குத் தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே! எனக்கு எழுத்தறிவித்த ஆசிரியப் பெருமக்களே! ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து அமர்ந்திருக்கும் முன்னாள் வீரர்களே! மார்பில் பதக்கமும் மடியில் ஓலைத் தொப்பியுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் அன்னையரே! இடம் கிடைக்காமல் சன்னல் கம்பியைப் பற்றி நிற்கும் என் வகுப்புத் தோழியரே! உங்கள் எல்லோரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

‘போரும் பெண்களும்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற கதையா அது?

ஆண்கள் எல்லாம் தெற்கே போர்முனைக்குப் போனபோது நம் வயலில் ஏர் பிடித்தது யார்? குண்டு தோண்டிய பள்ளத்தை விடியுமுன் மண்கொண்டு மூடியது யார்? முதுகிலே மூட்டை, தோளிலே துப்பாக்கி, இடுப்பிலே பிள்ளை என்று மலை ஏறியது யார்? எத்தனை குண்டு விழுந்தது, எத்தனை வெடித்தது, வெடிக்காமல் மண்ணுக்குள் காத்துக் கிடப்பது எத்தனை என்று மேட்டிலே நின்று எண்ணியது யார்? நம் அன்னையர்! அப்போது அவர்களுக்கு என்ன வயது? பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. இன்று நாங்கள் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து கண்ணைக் கசக்குகிற வயது!

சன்னல் பக்கம் சிரிப்பது யாரென்று எனக்குத் தெரியும். உண்மையைத்தானே சொன்னேன்?

ஆனால் இன்று நான் பெருமை பேசிவிட்டுப் போக வரவில்லை, பெரியோர்களே. ஒரு பெயரைக் கேட்டு வாங்கிப்போக வந்திருக்கிறேன். ஒரே ஒரு பெயர்.

நம் ஊர் வீரர் மயானத்தில் மூன்றாம் வரிசை, ஐந்தாம் கல். அதில் ‘லுவா’ என்று வெட்டியிருக்கிறது. பத்தொன்பது வயதில் ஆற்றுத்துறையில் வீழ்ந்தார் என்றும் வெட்டியிருக்கிறது. அந்த லுவா பாட்டி எங்கே? இதோ, முன்வரிசையில், கையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார்!

சிரியுங்கள். பாட்டியே சிரிக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து ஆண்டுதோறும் மாண்டவர் பட்டியலை வாசிப்பது நான்தான். “லுவா!” என்று நான் வாசிப்பேன். “உள்ளேன்மா!” என்று பாட்டி குரல் கொடுப்பார். எல்லோரும் சிரிப்போம். அந்தக் கல்லுக்குக் கீழே படுத்திருப்பது யார் என்று சிரித்த நம்மில் ஒருவராவது கேட்டோமா?

கேளுங்கள். அந்தத் துறையில் லாரிகள் விளக்கில்லாமல் ஆற்றைக் கடக்க வேண்டும். விளக்கு எரிந்தால் மேலே விமானம். விளக்கில்லாத ஓட்டுநருக்குத் தண்ணீருக்குள் கிடக்கிற பாதையின் ஓரம் எப்படித் தெரியும்? அதற்காக ஒரு பெண் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இடுப்பளவு நீரில் நிற்பாள். லாரிக்குத் தெரிகிற வெள்ளை விமானத்துக்கும் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நின்றார்கள்.

ஒவ்வொருத்தியும் சட்டைக் கழுத்தின் உட்புறம் சிவப்பு நூலால் தன் பெயரைத் தைத்து வைத்திருப்பாள். எதற்கு? முகம் மிஞ்சாவிட்டாலும் பெயர் மிஞ்சட்டுமே என்று!

லுவாவுக்கு முறை வந்த நாளில் அவருக்குக் கடுமையான காய்ச்சல். மலைக்காட்டுக் காய்ச்சல் எப்படிப்பட்டது என்று இங்கே பலருக்குத் தெரியும். அவருடைய தோழி மியென். நம் ஊர் ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரி, பதினெட்டு வயது. “நான் போறேன்க்கா. நீ படு. ஆனா என் சட்டை இன்னும் காயல, உன்னுது குடு” என்றாள். “கிழிச்சுடாதடி, எனக்கிருக்கறது அது ஒண்ணுதான்” என்றார் லுவா. இருவரும் பேசிய கடைசிப் பேச்சு இதுதான்.

அன்று துறையிலும் குண்டு விழுந்தது, முகாமிலும் விழுந்தது. முகாமில் மண்ணுக்கடியில் போன லுவாவை மயங்கிய நிலையில் யாரோ தோண்டி எடுத்து, வடக்கே போகிற லாரியில் ஏற்றிவிட்டார்கள். துறையில் கிடைத்த உடலின் சட்டையில் சிவப்பு நூலில் இருந்த பெயர் என்ன? லுவா. பட்டியல் எழுதியவர் என்ன எழுதினார்? லுவா, மரணம். மியென், காணவில்லை. பிறகு யாரோ அதன் பக்கத்தில் இன்னும் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள்: ஓடிப்போனவள்.

ஓடிப்போனவள்! ஓடும் நீரில் ஓரடி நகராமல் நின்றவளுக்கு நாம் கொடுத்த பட்டம், பெரியோர்களே!

மூன்று ஆண்டு மருத்துவமனையிலும் வேறு முகாம்களிலும் கிடந்து, தலைமுடி பாதி கொட்டி, லுவா ஊர் திரும்பினார். வீட்டில் அன்று விருந்து. யாருக்கு? அவருக்கேதான். அவருடைய திவசம்! வாசலில் இவரைப் பார்த்த சித்தி கையிலிருந்த மீன்சாற்றுக் கிண்ணத்தைப் போட்டு உடைத்துவிட்டு, “போயிடும்மா, போயிடு, உனக்குத்தான் எல்லாம் படைச்சிருக்கோமே!” என்று அலறினாராம். இவர் என்ன சொன்னார் தெரியுமா? “படைச்சத எடுங்க சித்தி. பசி உசுரு போகுது.” தனக்கு வைத்த படையலைத் தானே உட்கார்ந்து சாப்பிட்டவர் இந்த மாகாணத்திலேயே இவர் ஒருவர்தான்!

சிரித்தோம். இனிச் சிரிக்க முடியாது.

அடுத்த வாரமே லுவா படகேறி அக்கரை போனார், மியெனின் தாயிடம் உண்மையைச் சொல்ல. அந்தத் தாய் இவர் கையைப் பிடித்துக்கொண்டு முந்திக்கொண்டார். “எம்பொண்ணு ஓடிப்போயிட்டாளாமே. ஊரே காறித் துப்புது. துப்பட்டும்டி. ஓடினவ உசுரோடதானே இருப்பா? எவனோ டிரைவரோட போயிருப்பா. ரெண்டு புள்ள பொறந்திருக்கும். கோபம் ஆறினதும் வருவா. வருவாதானே? நீ அவகூட இருந்தவ, நீ சொல்லு.”

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அந்த ஒரு நம்பிக்கையைப் பிடுங்கி எறிய உங்களுக்குக் கை வருமா? லுவா, “வருவாம்மா” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக ஐம்பது ஆண்டுக்கு மேல் வாயை மூடிக்கொண்டார். தன் பெயர் வெட்டிய கல்லுக்குத் தானே ஊதுவத்தி ஏற்றினார். “கிழவி தன்னையே கும்பிடறா, மூளை கலங்கிடுச்சு” என்று நாம் சொன்னோம். யார் சொன்னீர்கள் என்று கேட்க மாட்டேன். நானும் சொல்லியிருக்கிறேன்.

போன ஆண்டு அந்தத் தாய் தொண்ணூற்றைந்து வயதில் கண்ணை மூடினார். ஈமச் சடங்கு முடிந்த மறுநாள் லுவா பாட்டி என் வீட்டுக்கு வந்து, “உனக்குக் கையெழுத்து நல்லா இருக்குமாமே. ஒரு மனு எழுதிக் குடு” என்றார். அவர் சொன்னதை நான் எழுதினேன். தலைவர் அவர்கள் அன்போடு வாங்கிப் படித்தார். அதே படைப்பிரிவில் இருந்த இருவர் கையெழுத்திட வேண்டும் என்றார். அது விதி. ஒருவர் லுவா பாட்டி. இன்றைக்கு உயிரோடு இருக்கிற இன்னொருவர், அந்த முகாமில் சமைத்துப்போட்ட சொவான் பாட்டி மட்டும்தான்.

மூன்று முறை மனுவைக் கொண்டுபோனேன். மூன்று முறையும் சொவான் பாட்டி தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. நாளை மறுநாள் கல் வெட்டுகிறவர்கள் வருகிறார்கள். மயானம் முழுவதும் புதுக் கல். இந்தக் கையெழுத்து இல்லையென்றால் புதுக் கல்லிலும் லுவா என்றே வெட்டுவார்கள். மியென் என்றைக்கும் ஓடிப்போனவளாகவே இருப்பாள்.

ஆகவே இந்த அவையிலே கேட்கிறேன். தூண் ஓரம் அமர்ந்திருக்கும் சொவான் பாட்டி அவர்களே! லுவா பாட்டியின் வாத்துகள் உங்கள் வயலில் இறங்கிய பழைய சண்டையை ஊரே அறியும். ஒரு வாத்துச் சண்டைக்காகவா ஒரு வீராங்கனையின் பெயரை மறுக்கிறீர்கள்?

இந்த இடத்தில் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஆசிரியை என்னைப் பார்த்து உட்காரும்படி கை காட்டினார். அதற்குள் சொவான் பாட்டி எழுந்துவிட்டார்.

“வாத்தா? எவடி சொன்னா வாத்துன்னு? அந்த வாத்துல ஒண்ண நான் அன்னிக்கே அடிச்சுக் கொழம்பு வச்சாச்சு, கணக்கு தீந்துபோச்சு.” யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “தாள்ல பொய் எழுதியிருக்கு. பொய்க்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“எது பொய், பாட்டி? நான் எழுதினதா?” என்று கேட்டேன்.

“நீ என்ன செய்வ கொழந்த, சொன்னத எழுதின. சொன்னவள கேளு.”

லுவா பாட்டி தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தார். பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“காய்ச்சல் இல்லம்மா” என்றார். “பயம்.”

பிறகு அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். “மூணு தடவ தண்ணியில நின்னேன். நாலாவது தடவ காலு வரல. சமையல் பள்ளத்துக்குள்ள போய் அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டேன். மியென் தேடிட்டு வந்தா. ‘காய்ச்சலாக்கா?’ன்னு கேட்டா. ஆமான்னேன். அவகிட்டயும் பொய்தான் சொன்னேன். அவ என் நெத்தியக்கூடத் தொட்டுப் பாக்கல. நம்பிட்டா.”

“நான் தொட்டுப் பாத்தேன்” என்றார் சொவான் பாட்டி. “ஜில்லுனு இருந்துச்சு. மியென் அப்பவே தண்ணிக்குள்ள எறங்கிட்டா. ஓடிப்போய்க் கூப்பிடறதுக்குள்ள எங்க தலமேல குண்டு விழுந்துடுச்சு. என்னையும் இவளையும் ஒரே பள்ளத்துலருந்துதான் தோண்டி எடுத்தாங்க. நான் ஊருக்கு வந்தப்ப, அன்னிக்குக் காய்ச்சல்ல முகாம்ல கெடந்தேன்னு மட்டும் இவ எல்லார்கிட்டயும் சொல்லி முடிச்சிருந்தா, மியென் பேர எடுக்கல. இவளாச் சொல்லட்டும்னு இருந்தேன். மியென் அம்மா முகத்தப் பாத்து நானும் வாய மூடிகிட்டேன். எனக்கும் அதுல பங்கிருக்கு.”

“ஏன் சொவான், என்னைக்காவது ஒரு நாள் கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா நீ செத்துப்போயிருப்பியேடி.”

நான் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். தலைவர், “முடிச்சிட்டு வாம்மா” என்றார். அதன் பிறகு நான் பேசியதற்குத் தாள் கிடையாது. நினைவிலிருந்து எழுதுகிறேன்.

சொவான் பாட்டி அவர்களே, இத்தனை பேர் முன்னிலையில் உங்கள் மீது பழி சொன்னேன். இத்தனை பேர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

அவையோரே! என் தாளின் கடைசி வரி எது தெரியுமா? ‘அச்சம் அறியாத அன்னையரே, வாழ்க!’ மூன்று நாள் யோசித்து எழுதிய வரி. அதை நான் வாசிக்கப்போவதில்லை. எத்தனை மேடையில் சொன்னோம் அந்தச் சொல்லை! அஞ்சாத மங்கையர் என்றோம். கலங்காத கண்கள் என்றோம். நடுங்காத நெஞ்சம் என்றோம். நாம் சொல்லச் சொல்ல, நடுங்கிய ஒரு பெண் வாய் திறக்க இந்த ஊரில் இடமே இல்லாமல் போயிற்று. எறும்பு கடித்தால் நான் அம்மாவைக் கூப்பிடுகிறேன். வானத்திலிருந்து இடி இறங்கும்போது பத்தொன்பது வயதுப் பெண் பயப்படக் கூடாதா? மூன்று முறை நின்றாரே, அந்த மூன்று முறையும் பயம் இல்லாமலா நின்றார்? மியென் பயமில்லாமலா நின்றாள்? அவள் பயந்தாளா என்று யாராவது அவளைக் கேட்டோமா?

கேட்கவில்லை. கேட்க வேண்டிய காலத்தில் கேட்கவில்லை. பாட்டுப் பாடினோம், பதக்கம் குத்தினோம், பட்டியல் வாசித்தோம். மகளைப் பற்றிய உண்மை தெரியாமலே ஒரு தாய் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அவருக்கு நாம் எதைச் சொல்லி என்ன? லுவா பாட்டி, உங்களை நாங்கள் தண்டிக்கப்போவதில்லை. ஐம்பத்தாறு ஆண்டு நீங்களே உங்களைத் தண்டித்துக்கொண்டீர்கள். நாங்கள் மேடை போட்டு அதற்குத் துணை நின்றோம். அதற்காக, பிறந்திராத காலத்துக்கும் சேர்த்து, நான் வருந்துகிறேன்.

மனு இங்கே இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. இவ்வளவுதான் என் பேச்சு. பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், நடுவில் எழுந்து பேசிய இரு அன்னையருக்கும், நிறுத்தச் சொல்லாத தலைவருக்கும் நன்றி. வணக்கம்.

யாரும் கைதட்டவில்லை. நான் கீழே இறங்கி மனுவை நாற்காலியின் மேல் விரித்தேன். ‘காய்ச்சல்’ என்ற சொல்லை லுவா பாட்டி தானே அடித்துவிட்டு, மேலே ‘பயம்’ என்று எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது. அதன் கீழே சொவான் பாட்டி கையெழுத்திட்டார். தலைவர் தாளை வாங்கிப் படித்து, அடித்தல் திருத்தலோடே அப்படியே அனுப்புவதாகச் சொன்னார்.

பிறகு மயானத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்காக எல்லோரும் கிளம்பினார்கள். மூன்றாம் வரிசைக்குப் போக இரண்டு பாட்டிகளும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வாசல் படியில் இறங்கியபோது, மண்டபத்தின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.