குத்பா நீளத்துக்கு ஒரு பூ

கல்பிட்டி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த தையல்கடைக்காரர், பக்கத்திலிருந்த பள்ளிவாசல் மோதினாரிடம் கேட்டார்: "நாளைக்கி ஜும்ஆவுல ஹஸ்ரத் எவ்வளவு நேரம் பேசுவார்?"

"ஏன் நானா, எங்கயும் பயணமா?"

"இல்ல. அபாயாவுக்குப் பூப்போடுற மிசின் ஒண்டு ஈக்கி. ஒரு பூவக் குடுத்தா தன்பாட்டுல தைக்கும். முடிஞ்சா அடுத்தத மாத்தத்தான் ஆள் வேணும். போன வெள்ளி சின்னப் பூவப் போட்டுட்டுப் பள்ளிக்கு வந்தேன். குத்பாப் பேச்சும் தொழுகையும் முடிஞ்சி போய்ப் பாத்தா, மிசின் எப்பவோ தைச்சி முடிச்சிட்டுச் சும்மா நிக்கிது. பெருநாள் ஓடர் குவிஞ்சி கிடக்கு."

மோதினார் யோசித்தார். "நேரம் தெரியாது. தலைப்பு மட்டும் தெரியும். பொறுமை."

"யா அல்லாஹ்!" என்றார் தையல்கடைக்காரர். "அப்ப முதுகு முழுக்கப் போடுற பூதான்."