என் பொறுப்பு கரை மட்டும்தான்

குப்பைன்னாலே எனக்கு ஆகாது சார். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். சாப்பிட உக்காரும்போது தரையில ஒரு தலைமுடி கண்ணுல பட்டாப் போதும், பெருக்கி எடுத்துட்டுத்தான் தட்டுல கை வைப்பேன். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு துடைப்பத்தைக் கட்டிக்கிட்டிருக்கலாம்"னு என் வீட்டுக்காரி சொல்லுவா. பெருமையாத்தான் சொல்லுவா.

உங்க மேஜை மேலகூட பிஸ்கட் தூள் இருக்கு பாருங்க. நீங்க பாட்டுக்கு எழுதுங்க, நான் துடைச்சுக்கிட்டே சொல்றேன்.

ஏரிக்கரையில எனக்கு இந்த வேலையை வாங்கிக் குடுத்தது என் மச்சினன், வீட்டுக்காரியோட தம்பி. அவன் அங்க படகு விடறான். காலால மிதிச்சு ஓட்டற படகு, வாத்து மூஞ்சி வெச்சது. அந்த ஏரியை நீங்க அப்பப் பார்த்திருக்கணும். தண்ணி கண்ணாடி. இடுப்பளவு ஆழத்துல கெடக்கற கூழாங்கல்லை எண்ணிடலாம். புதுசா கல்யாணம் ஆனவங்க ஜோடி ஜோடியா வந்து போட்டோ எடுத்துக்குவாங்க. என்னை வேலைக்குச் சேர்த்த அதிகாரி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "கரையில ஒரு துரும்பு கெடக்கக் கூடாது." கரையில. இதை மட்டும் கொஞ்சம் அடிக்கோடு போட்டுக்கங்க. தண்ணியைப் பத்தி அவர் வாயே திறக்கலை.

முதல்ல எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. நான் கூட்டிக் குவிப்பேன், லாரி வந்து அள்ளிட்டுப் போகும். அப்புறம் லாரி வர்றது நின்னு போச்சு. டிரைவருக்குப் போன் போட்டா "ரோடு சரியில்லை"ம்பார். ரோடு போடறவரைக் கேட்டா "லாரி ஓடித்தான் ரோடே கெட்டுப்போச்சு"ம்பார். ரெண்டு பேருமே நல்ல மனுஷங்க. டிக்கெட் அறைக்குப் பின்னால மூட்டை மூட்டையா சேர ஆரம்பிச்சுது. எனக்குத் தூக்கமே போச்சு.

ஒரு நாள் ஒரு மூட்டை தானா உருண்டு தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு. சத்தியமா நான் தள்ளலை. காலால லேசா ஒதுக்கினேன், அவ்வளவுதான். கொஞ்சம் குமிழி வந்துச்சு, அடங்கிடுச்சு. திரும்பிப் பார்க்கறேன், அந்த இடம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. மனசு அப்படியே குளிர்ந்து போச்சு சார்.

மத்த மூட்டையெல்லாம் நான் போட்டதுதான். அதுக்கு ஒரு பக்குவம் வேணும். சாக்குல அங்கங்க ஓட்டை போடணும், இல்லாட்டி உள்ள காத்து நின்னு மிதக்கும். கல்லையும் போட்டுக் கட்டணும். ஏனோதானோன்னு செய்யறவன் நான் இல்லை. பக்கத்து ஓட்டல்காரர் கருத்துப்போன எண்ணெயை டின் டின்னா கொண்டாந்து கரையில வெச்சுட்டுப் போவார். கரைக்கு வந்துட்டா அது என் பொறுப்பாச்சே. பெயிண்ட் டப்பா, பழைய பேட்டரி, மருந்துக்கடைக்காரர் கழிச்சுக் கட்டின மருந்து, எதுக்கும் நான் முகம் சுளிச்சதில்லை.

தண்ணி நிறம் மாறுதுன்னு பேசிக்கிட்டாங்க. முதல்ல டீ நிறம், அப்புறம் டிகாஷன் நிறம். மீனுங்க செத்துக் கரை ஒதுங்கிச்சு. கரை ஒதுங்கிட்டா அதுவும் குப்பைதானே. சாக்குல கட்டி, பொறந்த எடத்துக்கே அனுப்பி வெச்சேன். கொக்கும் நாரையும் வர்றதை நிறுத்திக்கிச்சு. எனக்கும் வருத்தந்தான், ஆனா எச்சம் துடைக்கற வேலை மிச்சம். அந்த வருஷம் ரொம்பச் சுத்தமான கரைன்னு எனக்குக் கேடயம் குடுத்தாங்க. வந்தவங்க எல்லாரும் ஒரு கையால மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னதால யாராலயும் கை தட்ட முடியலை. அதை நான் பெருசா எடுத்துக்கலை.

நாத்தம் ஊருக்குள்ள போனதும் விசாரணை வந்துச்சு. மச்சினன் படகுலேர்ந்து எண்ணெய் ஒழுகுதுன்னு யாரோ கெளப்பி விட்டிருந்தாங்க. என்னைக் கேட்டாங்க. "ஒழுகலைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது"ன்னேன். அதுல ஒரு சொட்டு பொய் உண்டா? மிதிக்கற படகுல எண்ணெய் ஏதுன்னு ஒருத்தரும் யோசிக்கலை. அவன் தலைக்கு வெக்கற எண்ணெய்னு நெனைச்சுக்கிட்டாங்களோ என்னவோ. படகைக் கரையில ஏத்தி சீல் வெச்சுட்டாங்க. வாத்து மூஞ்சியை நான் தினமும் துடைச்சுத்தான் வெச்சிருக்கேன்.

மச்சினன் துடிச்சுப் போயிட்டான். பொம்பளைப் புள்ளைங்களை வெச்சிருக்கான், அந்தப் படகுதான் அவங்களுக்குச் சோறு. அதிகாரிங்க முன்னால போய் நின்னு, "இது என் ஏரி சார், இதுக்கு ஒண்ணும் ஆகலை, பாருங்க"ன்னு ரெண்டு கையாலயும் அள்ளிக் குடிச்சுட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன். வேண்டாம்டான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, ஏன் வேண்டாம்னு கேப்பாங்களே. வாயைத் துடைச்சுக்கத் துண்டு குடுத்தேன். இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கறான், கிட்னி போச்சுங்கறாங்க. "மாமா, நம்ம ஏரியை யாரு மாமா இப்படிப் பண்ணது?"ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டுக் கேக்கறான். அவன் கட்டிலுக்கு அடியில ஒரே பஞ்சு. கூட்டி விட்டுட்டு வந்தேன்.

இத்தனை பேர் வந்தும் யாரும் என்கிட்ட நேராக் கேக்கலை. நீங்க புதுசா மாத்தலாகி வந்தீங்க. உக்கார வெச்சீங்க, டீ வாங்கிக் குடுத்தீங்க, தோள்ல கை போட்டு, "ஏண்ணே, எத்தனை வருஷமா இங்க குப்பை கொட்டறீங்க?"ன்னு கேட்டீங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்திருக்கார், இனிமே மறைச்சு என்ன பிரயோஜனம்னு, "நாலு வருஷமா சார், ஆனா சாக்குல கட்டித்தான் கொட்டறேன்"னேன். உங்க கையிலேர்ந்து டீ கிளாஸ் நழுவிச்சு. அந்தக் கண்ணாடித் துண்டையும் நான்தான் பொறுக்கினேன். நீங்க கேட்டது வேலை பார்க்கறதைப் பத்தின்னு அப்புறம் கான்ஸ்டபிள் சொன்னார். பரவால்லை சார். அவங்கவங்க கேக்கற விதம்.

கடைசியா ஒண்ணு. காலையில என் வீட்டுக்காரி வந்தா. என் முகத்தைக்கூடப் பார்க்காம, உங்க முன்னால நின்னு, "இந்த ஆளோட இத்தனை வருஷம் குப்பை கொட்டினேனே சார், என்னைச் சொல்லணும்"னு அழுதா. நீங்களும் எழுதிக்கிட்டீங்க. அதை அடிச்சுடுங்க. கான்ஸ்டபிள் இதுக்கும் வேற ஏதாவது அர்த்தம் சொல்லுவார், கேக்காதீங்க. என் வீட்டுக்காரியைப் பத்தி எனக்குத் தெரியாதா? தம்பி அந்த நெலைமையில கெடக்கும்போதும், என் பழியில பாதியைத் தன் தலையில ஏத்துக்கப் பார்க்கறா. என் மேல அவளுக்கு அவ்வளவு உசுரு. ஆனா அவ ஒரு சாக்கைக்கூடத் தொட்டதில்லை சார். கொட்டினது பூரா நான்தான், தனியா.