ஆமைக்கு இரண்டு வேளை

சென்னிமலை: மருந்தோட சூட்சுமம் தெரிஞ்சவன் நாமக்கல் சீமையில ஒருத்தந்தானுங்க, டாக்டரம்மா. அவன் உங்க முன்னால ஒக்காந்திருக்கறான். நாப்பதாயிரம் கோழிக்கு வைத்தியம் பாக்கற கையிங்க இது.

தீபிகா: டப்பாவுல இருக்கறது ஆமைங்க.

சென்னிமலை: சீக்கு எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க. ஓட்டுல வெள்ளையாப் பூத்திருந்துச்சு. பூஞ்சைன்னு பாத்ததுமே சொல்லிப்போட்டேன். மாத்திரையக் கரைச்சு, காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. பன்னெண்டு நாளு!

சௌந்திரம்: ஏனுங்க, அது வந்து...

சென்னிமலை: நீ செத்த சும்மா இரு, சௌந்திரம்.

தீபிகா: வாய்வழியாவா குடுத்தீங்க?

சென்னிமலை: பின்ன? வாயப் பொளந்து, சிரிஞ்சுல ஒரே அமுக்கு.

தீபிகா: அடக் கடவுளே... கோழி ஒடம்பு எப்பவும் சூடுங்க. மருந்து போனா சீக்கிரமே கரைச்சு வெளிய தள்ளிரும். ஆமைக்குச் சொந்தச் சூடே இல்லைங்க. ஒரு வேளை குடுத்தா நாள்கணக்குல உள்ளயே நிக்கும். அதுமேல நீங்க ஊத்த ஊத்த... தொட்டி எங்க இருக்குது?

சென்னிமலை: ஏசி ரூம்லங்க. ஒரு மரியாதைக்கு.

தீபிகா: போச்சு. குளுந்தா ஈரல் இன்னும் மெதுவா வேலை செய்யும். இருவத்திநாலு வேளை மருந்தும் உள்ள சேந்திருந்தா, ஈரலே போயிருக்குமுங்க.

சௌந்திரம்: ஐயோ! வெள்ளிக்கெழம நம்ம பொண்ணு மலரு ஹாஸ்டல்ல இருந்து வாரா. வந்ததும் ஆமையத்தான் கேப்பா. ஏனுங்க, சொல்லிப்போடுங்க!

சென்னிமலை: என்னத்தச் சொல்றது...

தீபிகா: கழுத்துல ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பாக்கணும். இத்தனை சின்ன ஆமை அதைத் தாங்குமான்னு சொல்ல முடியாது. ஆனா வேற வழியில்லை.

சென்னிமலை: மருந்து... உள்ள போவலைன்னு வெச்சுக்கங்க?

தீபிகா: அப்படின்னா ஊசியே வேண்டாம். இன்னிக்குத்தான் மொத வேளைன்னு அளவாக் குடுத்தாப் பொழைச்சுக்கும். ஆனா நீங்கதான் பன்னெண்டு நாளுங்கறீங்களே. வாங்க, கைப்பழக்கம் இருக்குதுல்ல... தலையை இழுத்துப் புடிங்க.

சென்னிமலை: நானுங்களா?

சௌந்திரம்: புடிங்க. வாயையே பொளந்த கை!

சென்னிமலை: இருங்க... இருங்க, டாக்டரம்மா. ஊசிய உள்ள வையுங்க. ஒரு வேளைகூட உள்ள போவலை. கடிச்சுப்போடுமோன்னு பயமா இருந்துச்சுங்க. தொட்டித் தண்ணியிலயே ஊத்திட்டேன்.